பழத்துக்குத் தீட்டில்லை: விடுதிச் சாப்பாட்டு வரலாற்றில் விடுபட்ட ஒரு பொருள்

விடுதியில் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழக மாணவர்கள் ஏன் போதுமான பழம் சாப்பிடுவதில்லை என்று கேட்கிற ஆய்வுகள் உலகமெங்கும் நடந்துகொண்டிருக்கின்றன. மனையியல் துறைகளுக்கும் பொதுச் சுகாதாரத் துறைகளுக்கும் இது வசதியான தலைப்பு. ஆய்வுப்பொருள் பக்கத்துக் கட்டிடத்திலேயே குடியிருக்கிறது. சில நூறு வினாத்தாள்கள் அச்சடித்தால் போதும். ‘காரணிகள்’ என்று பட்டியலாக வருபவை ஏறக்குறைய எல்லா ஆய்விலும் ஒன்றுதான்: விலை, ருசி, நேரமின்மை, கடை இருக்கும் தூரம், நண்பர்களின் பழக்கம், பெற்றோரின் படிப்பு, அப்புறம் தவறாமல் ‘விழிப்புணர்வு’. வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களைவிட விடுதிவாசிகள் குறைவாகவே பழம் சாப்பிடுகிறார்கள் என்று பல நாடுகளில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை: மாணவர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.

இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்த வினாத்தாள் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனிக்க வேண்டியிருக்கிறது. கையில் காசோடு, பழக்கடை முன்னால் தனியாக நின்று, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு தனிமனிதரை அது கற்பித்துக்கொள்கிறது. விடுதி மாணவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவருடைய தட்டில் என்ன விழும் என்பது அவர் விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு வெகு முன்னாலேயே முடிவாகிவிட்டது. அந்த முடிவுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் அந்த வரலாறு சாதியோடும் அரிசியோடும் பின்னிக்கிடக்கிறது. வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் பழமும் காய்கறியும் சேர்த்து 400 கிராம் என்கிறது. 100 கிராம் பெரிய விஷயமில்லை. ஒரு கொய்யா, அல்லது இரண்டு சிறிய வாழைப்பழம். உலகத்திலேயே அதிகமாக வாழை விளைகிற நாடு இந்தியா. அந்த நாட்டில், அதிலும் காவிரியும் தாமிரபரணியும் பாய்கிற மாநிலத்தில், இரண்டு வாழைப்பழம் விடுதி மாணவரின் தட்டுக்கு வந்துசேர முடியவில்லை. எதனால்?

(விடுதி என்றதும் ஃபூக்கோ சிறைச்சாலை பற்றி எழுதியதை எடுத்து அப்படியே ஹாஸ்டல் மேல் ஒட்டிவிடுகிற வழக்கம் நம்மிடையே உண்டு. மணியடிப்பது, வரிசையில் நிற்பது, வருகைப் பதிவேடு எல்லாம் அதற்குத் தோதாகவும் இருக்கும். நான் அதைச் செய்யப் போவதில்லை. சிறையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காக வெளியே ஒரு மாகாணமே இரண்டுபட்டதில்லை. இங்கே விடுதிக்காக அது நடந்தது.)

லெவி-ஸ்ட்ராஸ் 1964இல் வெளியிட்ட நூலொன்றின் தலைப்பே பச்சையானதும் சமைத்ததும் என்று அமைந்தது. தென்னமெரிக்கத் தொன்மங்களைப் பற்றிய புத்தகம் அது. நமக்கு அந்த எதிர்வைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. சாதி அதைத் தினசரி நடைமுறையாக வைத்திருக்கிறது. சோறு தீட்டாகும். குழம்பு தீட்டாகும். தண்ணீர் தீட்டாகும். பழம் ஆகாது. நெருப்பும் நீரும் படாத பொருளை யார் கையிலிருந்தும் வாங்கலாம் என்பது சாதிய உணவு விதிகளில் நன்றாக நிலைபெற்ற ஒன்று. லூயி டுமோன் போன்ற மானிடவியலாளர்கள் இதை விரிவாகவே பேசியிருக்கிறார்கள். சேரிக்கு ஓட்டுக் கேட்க வருகிற பெரிய மனிதர் அங்கே ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார். இளநீர் குடிப்பார், கொடுத்த வாழைப்பழத்தை வாங்கிக்கொள்வார். வாழைக்கன்றை ஊன்றியது, தண்ணி கட்டியது, தார் சுமந்தது யார் கைகள் என்று அவர் கேட்பதில்லை. தோலை உரித்துப் போட்டால் அந்தக் கைகளும் உரிந்து விழுந்துவிடுகிற மாதிரி ஓர் ஏற்பாடு. இரட்டைத் தம்ளர் வைத்திருந்த டீக்கடைகளை நினைத்துப் பாருங்கள். கடை முகப்பில் கயிற்றில் தொங்குகிற தார் ஒன்றுதான். தம்ளர்தான் இரண்டு.

இது எல்லா ஊருக்கும் பொதுவான சட்டம் என்று நான் வாதிடவில்லை. கோயிலுக்குள் போய் அர்ச்சனைத் தட்டில் ஏறிவிட்ட பழத்துக்கு வேறு விதிகள் வந்துவிடுகின்றன. யார் கொடுக்கலாம், எங்கே நின்று வாங்கலாம் என்பதெல்லாம் உடனே முளைத்துவிடும். ஆனால் பொதுவாகப் பார்த்தால் பழம் சாதியை உடைப்பதுமில்லை, சாதியால் உடைபடுவதுமில்லை. அதனால்தான் அது சண்டைக்குரிய பொருளாகவே ஆகவில்லை. விடுதிகளின் கதைக்கு இது முக்கியம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவருக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. 1910களின் நடுவில் டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தியதற்கு இதுதான் பின்னணி. நம்முடைய அரசியல் வரலாறுகளில் இந்த விடுதி நீதிக்கட்சியின் முன்கதையாக ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. அங்கே அடுப்பு எரிந்தது, பந்தி நடந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதே காலத்தில், 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்குகிறார். 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, அரசாங்கக் காகிதங்களில் ‘ஒடுக்கப்பட்ட வகுப்பினர்’ என்று குறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு விடுதிகள் நடத்த ஆரம்பிக்கிறது. அந்தப் பணி 1949இல் அரிசன நலத்துறை என்றாகி, பின்னால் ஆதிதிராவிடர் நலத்துறையானது.

இந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்தது சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1922இல் அங்கே தொடங்கிய குருகுலத்தில் இரண்டு பார்ப்பனச் சிறுவர்களுக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில், தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. குருகுலத்துக்குக் காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை விடவில்லை. காந்தி வரைக்கும் போய் ஒரு சமரசம் பேசப்பட்டது, ஒத்துவரவில்லை. 1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில், விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறினார். இரண்டு சிறுவர்களின் சாப்பாட்டு இடம் ஒரு கட்சியையும் ஒரு மாகாணத்தின் அரசியலையும் திருப்பிப் போட்டிருக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று அன்றைக்கே சொன்னவர்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

இங்கே சண்டை எதன் மேல் நடந்தது? ஒரே பந்தியில் உட்காருவது, ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிடுவது ஆகியவற்றின் மேல். 1927இல் மகாட்டில் அம்பேத்கர் தண்ணீரைத் தொட்டார். தீட்டாகிற பொருளைத்தானே தொட வேண்டும்! அந்தத் தேர்வு சரியானது. சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் கை வைத்தாக வேண்டும். ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ‘சமமான சாப்பாடு’ என்றால் எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே வரிசை என்று பொருள் நிலைத்துவிட்டது. சமைக்கப்படாத ஒன்று அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. பழம் கேட்டு யாரும் போராடவில்லை, பழத்தை யாரும் மறுக்கவில்லை என்பதால்.

பழத்தைப் பற்றி விடாமல் பேசிய அரசியல்வாதி ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியும் காலன்பாக்கும் சமைத்த உணவை விட்டுவிட்டு வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, நிலக்கடலை என்று வாழ்ந்து பார்த்தார்கள். அந்தப் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு வகையில் அதுவும் ஒரு விடுதிதான். ஏழைகளின் சாப்பாட்டைவிடத் தன் சாப்பாடு செலவு மிகாமல் இருக்க வேண்டும் என்பது அவர் அக்கறை. ஆனால் அவர் கையில் பழம் விரதப் பொருளாகிவிட்டது. புலனடக்கத்தின் கருவி. பசியோடு இருக்கிறவனுக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. இந்தப் பக்கம் சோற்றுக்கான போராட்டம், அந்தப் பக்கம் பழத்தின் துறவு. நடுவில் ஒரு பையன் சாதாரணமாக ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துத் தின்பதற்கு அரசியலில் இடம் இல்லாமல் போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு இது இன்னும் இறுகியது. 1950களின் நடுவில் காமராஜர் காலத்து மதிய உணவு, 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு எல்லாம் அரிசியின் வரலாறுதான். பசி நிஜமாக இருந்த மாநிலத்தில் வேறு எப்படி இருக்க முடியும்? அரிசிக்கு ஒரு கொள்முதல் ஏற்பாடு உருவானது: நெல் கொள்முதல் நிலையம், கிடங்கு, லாரி, நுகர்பொருள் வாணிபக் கழகம். விடுதிக்கு மூட்டை வந்து இறங்குகிறது. பருப்பும் எண்ணெயும் அப்படியே. பழத்துக்கு இப்படி எதுவும் கிடையாது. மூன்று நாள் தாண்டினால் கறுத்துப்போகிற பொருளுக்கு அரசாங்கம் கிடங்கு கட்டாது. வார்டன் உள்ளூரில் வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாணவரின் ‘உணவுத் தேர்வு’ என்று ஆய்வுகள் சொல்வதில் பெரும்பகுதி இந்த லாரி வந்து இறக்கியதுதான்.

பல்கலைக்கழக விடுதிகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவை, சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து, அவரவர் நாட்களுக்கு ஏற்ப பில் போடுவது. பார்க்க ஜனநாயகமாகத்தான் இருக்கும்; மெஸ் கமிட்டி, மாணவப் பிரதிநிதி எல்லாம் உண்டு. இந்த முறையில் பில்லைக் குறைக்க வேண்டுமானால் எதை நீட்டலாம் என்றுதான் சமையல்கூடம் பார்க்கும். நாற்பது பேர் கூடுதலாக வந்துவிட்டால் சாம்பாரில் தண்ணி ஊத்தலாம். ரசத்தில் ஊத்தலாம், மோரில் ஊத்தலாம், பொரியலில் முட்டைக்கோஸைக் கூட்டிக்கொள்ளலாம். வாழைப்பழத்தில் என்ன ஊத்துவது? நாற்பது பேர் கூடினால் நாற்பது பழம் கூடும், அவ்வளவுதான். சோறு ‘அன்லிமிடெட்’, பழம் தலைக்கு ஒண்ணு. சோற்று அண்டா பக்கம் யாரும் நின்று எண்ணுவதில்லை. பழத்தட்டுப் பக்கம் மட்டும் ஓர் ஆள் பேனாவோடு நிற்பார்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் வேறொன்று தோன்றுகிறது. நம் மரபில் பழம் எப்போதும் எண்ணிக்கைக்குள் அடங்கியதாகவே வருகிறது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி ஒன்று. பழனிக் கதையில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பது ஒரே பழம். அதைப் பங்கு போட முடியாது என்பதில்தான் கதையே நகர்கிறது. காரைக்காலம்மையார் கதையில் மாம்பழம் இரண்டு. ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்குக் கொடுத்ததால் கணக்கு இடித்து, குடும்பமே கலைந்துபோகிறது. சோறு அட்சய பாத்திரத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும். பழம் வளர்வதில்லை. மெஸ் மேனேஜருக்கு இந்தக் கதைகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் கணக்கும் இதுதான்.

பழம் ஒருவழியாகத் தட்டுக்கு வந்தது. வந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. 1989இல் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்துப் படிப்படியாகக் கூடியது. முட்டைக்கு நாமக்கல் இருந்தது. பண்ணை, ஒப்பந்தம், லாரி எல்லாம் இருந்தன. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது பதிலாக வந்ததுதான் வாழைப்பழம். ஆக, பொதுச் சாப்பாட்டில் பழம் தனக்கென்று ஒரு காரணத்தோடு வரவில்லை. முட்டை மறுப்பின் ஈடாக வந்தது. முட்டை ‘அல்லது’ வாழைப்பழம். அந்த ‘அல்லது’ பல கல்லூரி விடுதிகளின் உணவுப் பட்டியலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சத்துக் கணக்கில் இந்த ‘அல்லது’வுக்குப் பொருளே கிடையாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 1 கிராம். பழத்தில் இருக்கிற அளவுக்குப் பொட்டாசியம் முட்டையில் இல்லை, நார்ச்சத்து கிடையவே கிடையாது. ஒன்றுக்கு மற்றது மாற்றாக முடியாது. இரண்டும் வேண்டும். ‘அல்லது’ போட்ட மறுநிமிடம் முட்டை தின்கிறவனுக்குப் பழம் போயிற்று, பழம் தின்கிறவனுக்குப் புரதம் போயிற்று.

சமூகக் கணக்கில் அதற்கு நிறையவே பொருள் உண்டு. நான் எம்.ஏ. படித்த காலத்து விடுதியில் முட்டை நாட்களுக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் கதவருகே ஒட்டியிருக்கும். பெயருக்கு நேரே ‘மு’ அல்லது ‘வா’. செமஸ்டர் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்தது கடைசிவரை மாறாது. அந்த ‘வா’ வரிசையைப் பார்த்தால் யார் யார் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி செவ்வாய், சனி விரதக்காரர்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் வந்து வார்டனிடம் கெஞ்சி ‘வா’வுக்கு மாறுவார்கள், அதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எங்கள் அறையில் இருந்த நான்கு பேரும் ‘மு’. நாங்கள் ஒருத்தரும் பழம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘முட்டையும் வேணும் பழமும் வேணுமா’ என்றிருப்பார்கள். அந்தக் கேள்வியில் இருக்கிற கேலி எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தீட்டில்லாத பொருளாக இருந்த பழம் இப்படி மெல்லச் சைவத்தின் அடையாள அட்டையாக மாறிப்போனது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். சேரன்மாதேவிக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அதே சண்டை கைகழுவும் தொட்டியில் வந்து நிற்கிறது. அந்த மாதிரியான தனி மேசைகளில் பழக்கிண்ணம் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வினாத்தாள் தவறவிடுகிற இன்னொன்று, ‘பழம்’ என்ற சொல்லுக்குள் எது வரும் என்பது. பட்டியலில் ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, வாழை, மாதுளை என்றிருக்கும். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளை வளர்ந்த பழங்கள் வேறு: இலந்தை, நாவல், களாக்காய், காரைப்பழம், சூரைப்பழம், ஈச்சம்பழம், கொடுக்காப்புளி, சப்பாத்திக்கள்ளிப் பழம், சுட்ட பனம்பழம். இதில் எதையும் காசு கொடுத்து வாங்கித் தின்றதில்லை. ஆடு மேய்க்கப் போகிறபோதும் பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோதும் பறித்தது, பொறுக்கியது, திருடியது. அவை வளர்ந்த புறம்போக்கும் கண்மாய்க்கரையும் பல ஊர்களில் சீமைக்கருவேலங்காடாகவோ வீட்டுமனையாகவோ ஆகிவிட்டன. பழம் என்றால் சும்மா கிடைப்பது என்று பழகிய கைக்கு, நகரத்தில் அதை எடைபோட்டு வாங்குவது ஒரு மனத்தடை. எங்களில் பலருக்கும் இருந்தது. டீ, பரோட்டாவுக்குச் செலவழிக்கிறபோது உறுத்தாத காசு, நாலு ஆரஞ்சு வாங்கும்போது உறுத்தும். ஆப்பிள் என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போகிறபோது ஹார்லிக்ஸோடு வாங்குவது. உடம்புக்கு நல்லா இருக்கிறவன் ஆப்பிள் தின்றால் ‘என்னடா, காய்ச்சலா’ என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நோயாளிக்கு வாங்கிப் போகிற ஆப்பிளில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவில்தான் வைட்டமின் சி. ஆரஞ்சில் 50 அளவில். ஹாஸ்டல் கேட் ஓரத்தில் கூடையில் வைத்து, மிளகாய்ப்பொடி உப்புத் தூவி விற்கிற கொய்யாவில் ஏறக்குறைய 200. எங்கள் காலத்தில் கேட்டுக்கு வெளியே இரண்டு அம்மாக்கள் கொய்யாவும் வெள்ளரியும் விற்றார்கள். கடன் சொல்லலாம். ஒருநாள் செக்யூரிட்டி வந்து, வளாகத்தின் தோற்றம் கெடுகிறது என்று கூடைகளை எடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் கம்பிவேலி வந்தது. வளாகத்துக்குள் ஒரு ஜூஸ் கடைக்கு டெண்டர் விட்டார்கள். பழத்தைவிட ஐஸும் சர்க்கரையும் அதிகம் போடுகிற கடை. தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இலேயே சட்டம் வந்துவிட்டது என்று தோழர் ஒருவர் சொன்னார். சட்டம் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. மாணவர்கள் பழம் வாங்குவது குறைந்ததற்கு அடுத்த ஆண்டு யாராவது ஆய்வு செய்திருந்தால் ‘ஆர்வமின்மை’ என்று எழுதியிருப்பார்கள்.

பெண்கள் விடுதியின் கதை இதைவிடக் கடினம். வகுப்பு முடிவதற்கும் கேட் மூடுவதற்கும் இடையில் ஒருமணி நேரம், ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஜெராக்ஸ், நாப்கின், ரீசார்ஜ் எல்லாம் முடிக்க வேண்டும். பழக்கடை கடைசி வரிசையில்தான் வரும். இந்த ஊரடங்குக்கு எதிராக 2015இல் டெல்லி மாணவிகள் கூண்டை உடைப்போம் என்று இயக்கம் தொடங்கினார்கள். இரவில் நூலகம் போவதற்கும் தெருவில் நடப்பதற்கும் கேட்ட உரிமையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குகிற உரிமையும் அடங்கியிருக்கிறது. இதோடு சூடு, குளிர்ச்சி பற்றிய நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்கின்றன. பப்பாளி சூடு, கரு கலையும். அன்னாசி அதைவிடச் சூடு. மாம்பழம் கட்டி வரும். ராத்திரியில் வாழைப்பழம் சளி. பப்பாளியைத் தட்டில் எடுத்துவைக்கிற பெண்ணைப் பார்த்து ‘தள்ளிப்போச்சா’ என்று கேட்கிற சிரிப்பு மகளிர் விடுதிகளில் சாதாரணம் என்று தோழியர் சொல்கிறார்கள். பெண்ணுடல் மீதான கண்காணிப்பு வார்டன் வழியாக மட்டும் வருவதில்லை, பழத்தின் வழியாகவும் வருகிறது.

இதன் விலை என்ன? ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. விடுதிச் சாப்பாட்டில் கிடைக்கிற இரும்புச் சத்தில் பெரும்பகுதி பருப்பு, கீரை, தானியத்திலிருந்து வருவது. உடம்பு அதைச் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும் அளவு கூடும். சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ வைத்தால் இது நடக்கும். நாம் வைப்பது என்ன? சாப்பாடு முடிந்த கையோடு ஒரு டீ. அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை. மாத்திரைக்கு ஒப்பந்தம் உண்டு, கிடங்கு உண்டு, கெடாது.

2023இல் தமிழக அரசு நலத்துறை விடுதிகளின் உணவுப்படியைப் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100இலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தியது. கல்லூரி மாணவருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும். 2025 ஜூலையில் இந்த விடுதிகளெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாறின. பலகையிலிருந்து சாதிப் பெயர் போனது நல்லது. அந்தப் பெயரை எழுத நூறு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். பெயருக்குக் கீழே சாப்பாட்டு அறையில் என்ன நடக்கிறது என்று கேட்கிற பொறுப்பு இப்போது மாணவர் அமைப்புகளுக்கு இருக்கிறது. விடுதிச் சாப்பாட்டில் புழு, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று அவர்கள் நடத்துகிற போராட்டங்கள் அவசியமானவை. அந்தக் கோரிக்கைத் துண்டறிக்கைகள் எத்தனையோ நான் படித்திருக்கிறேன், சிலதை எழுதியும் கொடுத்திருக்கிறேன். பழம் என்ற சொல்லை அவற்றில் பார்த்த நினைவில்லை. அது மேட்டுக்குடிச் சமாச்சாரம், டயட் பார்க்கிறவர்களின் பேச்சு என்று நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். சோற்றைத் தாண்டி ஒன்றைக் கேட்டால் பசியைப் பற்றிய வாதம் பலவீனப்பட்டுவிடும் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதாக இருந்த காலம் ஒன்று உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பூவன் பழம் 5 ரூபாய் என்று வைத்தால் தலைக்கு ஒரு பழத்துக்கு நாள் படியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இருக்கிற 50க்குள் அதைத் திணிக்க முடியாது. முட்டையை எடுத்துவிட்டுத்தான் பழம் வைக்க வேண்டும் என்பார்கள், மறுபடி அதே ‘அல்லது’. தனித் தலைப்பில் தனிப்படி கேட்டாக வேண்டும். நூறு பேர் இருக்கிற விடுதிக்கு நாளைக்கு 500 ரூபாய், மாதம் 15,000. கடை விலை அது. குளித்தலைப் பக்கமோ ஸ்ரீவைகுண்டம் பக்கமோ விலை விழுகிற மாதங்களில், வெட்டுக்கூலிகூடக் கட்டாது என்று தாரை மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நல்ல பூவன் தார் ஒன்றில் நூறு பழத்துக்குமேல் இருக்கும். நூறு பேர் விடுதிக்கு ஒரு நாளைக்கு ஒரு தார் போதும்.